மருந்தாளருக்குத் தெரியும், கொடுக்கத்தான் முடியாது

தீபாவளிக்குச் சிங்கப்பூர் போய்வந்தேன். வந்து சேராத ஒரு பெட்டியால் கருத்தடை மாத்திரைக்கு அலைந்த அலைச்சல்தான் இன்னும் மனதில் நிற்கிறது. நான் போடுவது டெசோஜெஸ்ட்ரல். வழக்கமான நேரம் தாண்டி 12 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

தேக்கா பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம், சிராங்கூன் சாலை முழுக்க விளக்கும் கூட்டமும். உள்ளே இருந்த மருந்தாளர் தமிழ்ப் பெண். மருந்தின் பெயரைச் சொன்னதுமே, "கடைசியா எப்பக்கா போட்டீங்க? வலிப்புக்கு மருந்து எடுக்கிறீங்களா? மார்பகப் புற்றுநோய் ஏதும் வந்திருக்கா?" என்று மளமளவென்று கேட்டார். இங்கிலாந்தில் நான் வசிக்கும் லெஸ்டரில் என் மருந்தாளர் கேட்கும் அதே கேள்விகள். பர்ஸைத் திறந்தேன். "மன்னிச்சுக்குங்கக்கா, டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாது."

இங்கிலாந்தில் 2021இலிருந்தே இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கலாம். 2023 டிசம்பரிலிருந்து, அந்தச் சேவை உள்ள மருந்துக்கடைகளில் மருந்தாளரே பேசிப் பார்த்து, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் மாத்திரையைத் தரலாம், அதுவும் இலவசமாக. சிங்கப்பூரிலும் மருந்தாளரே விசாரித்து, சீட்டில்லாமல் விற்கக்கூடிய மருந்துகள் என்று ஒரு வகை உண்டு. கருத்தடை மாத்திரை அதில் இல்லை. அவசரத்துக்குப் போடும் மாத்திரைக்குக்கூட டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்! மணிக்கணக்கு பார்க்கிற மருந்துக்கு இப்படி ஒரு விதி.

அம்மா வீட்டுப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் மதியமே மூடியாச்சு. ஞாயிறு காலையில் வேறொன்றில் நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். "என்ன விஷயமா பாக்கணும்?" என்று பதிவு செய்த பெண் அத்தனை பேர் முன்னால் கேட்டார். பக்கத்தில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு ஆன்ட்டி. பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கிளினிக் வாசனை மட்டும் மாறவேயில்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா தூக்கிக்கொண்டு ஓடுவார். டாக்டர் பார்த்ததும் அங்கேயே பெயர் எழுதிய பிளாஸ்டிக் பையில் மருந்து வந்துவிடும். வேறு எங்கும் அலைய வேண்டாம். லெஸ்டரில் டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்காமல் தவிக்கும்போதெல்லாம் அந்தப் பையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

டாக்டரும் நல்லவர், தன்மையாகப் பேசினார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் முந்தின நாள் அந்தப் பெண் கேட்டு முடித்தவை. கன்சல்டேஷன் கட்டணம் தனி, மாத்திரைக்குத் தனி. கையில் வாங்கும்போது 12 மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. இன்னும் இரண்டு நாளைக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொன்னார்.

எனக்காவது பணமும் நேரமும் இருந்தது, கூச்சத்தை விழுங்கிக்கொள்ளும் வயசும் ஆச்சு. இருபது வயசுப் பெண் அந்த ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளா? அந்த மருந்தாளருக்குப் படிப்பு இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. சுகாதார அமைச்சு இந்த ஒரு மாத்திரையையாவது அவர் கையில் விடட்டும்.