டோக்கியோவில் வாடகை வீடு: நான்கு வழிகள், நான்கு கணக்குகள்

டோக்கியோவுக்குக் குடிபோகும் வெளிநாட்டவருக்கு வீடு கிடைக்கும் முக்கிய வழிகள் நான்கு: தரகர் மூலம் தனியார் வீடு, யூ.ஆர். என்ற அரசு சார் நிறுவனத்தின் அடுக்ககம், பலர் பகிர்ந்து வாழும் ஷேர் ஹவுஸ், மாதக் கணக்கில் வாடகைக்கு விடும் மன்த்லி மேன்ஷன். நான்கின் வாடகையையும் வரிசையாக எழுதி ஒப்பிட்டால் தவறான விடைதான் வரும். கட்டும் பணத்தில் எவ்வளவு திரும்பாது, அதை எத்தனை மாதத்துக்குப் பங்கிட வேண்டும் என்பதைப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

தனியார் வீடு

மாத வாடகை 80,000 யென் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் ஒரு மாதம், உரிமையாளருக்கு அன்பளிப்பாகப் போகும் ரெய்கின் ஒரு மாதம், முதல் மாத வாடகை, ஆக 2,40,000. தரகு ஒரு மாத வாடகை, 10 விழுக்காடு வரியோடு 88,000. வாடகை கட்டத் தவறினால் பொறுப்பேற்கும் ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை வரை கேட்பார்கள். அரை மாதம் என்றாலே 40,000. இரண்டு ஆண்டுக்குத் தீக்காப்பீடு 20,000, பூட்டு மாற்ற 20,000. சாவி கைக்கு வருவதற்குள் 4,08,000 யென் போயிருக்கும்.

இதில் முன்பணம் மட்டுமே திரும்பக்கூடியது. இரண்டாம் ஆண்டு ஜாமீன் புதுப்பிப்பு 10,000, காலி செய்யும்போது துப்புரவுக் கட்டணம் 35,000 என்று சேர்த்தால் திரும்பாத தொகை ஏறத்தாழ 2,93,000 ஆகிறது. 24 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 12,000. ஆக, 80,000 யென் வீடு என்பது உண்மையில் 92,000 யென் வீடு. ஓராண்டிலேயே கிளம்பினால் மாதக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு இன்னொரு மாத வாடகை கேட்பது டோக்கியோ வழக்கம்.

பில்லில் குறைக்கக்கூடிய இடங்களும் உண்டு. விதிப்படி ஒரு மாதத் தரகில் உரிமையாளர் பாதி, குடியேறுபவர் பாதி கட்ட வேண்டும். முழு மாதத்தையும் ஒருவரிடமே வாங்க வேண்டுமானால் அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். வீடு பிடித்துப்போன பிறகு பேரம் பேசுவதைவிட, தரகர் கடையில் உட்கார்ந்ததுமே கேட்டுவிடுவது நல்லது. கிருமி நீக்கம், 24 மணி நேர உதவி என்ற பெயரில் 15,000, 20,000 என்று செருகப்பட்டிருந்தால் அவை கட்டாயமா என்று கேளுங்கள். பல நேரம் எடுத்துவிடுவார்கள். பத்துத் தரகரிடம் அலைவதிலும் பயனில்லை. பெரும்பாலான வீடுகள் தரகர்கள் எல்லோரும் பார்க்கும் ஒரே தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்து, போனதும் ‘இப்போதுதான் முடிந்தது’ என்று வேறு வீட்டைக் காட்டினால், அது தூண்டில் விளம்பரம்.

முன்பணமும் ரெய்கினும் இல்லை என்ற விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு கொக்கி இருக்கும். ஓராண்டுக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை அபராதம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை மறுப்பு. ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 விழுக்காட்டினர், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். உரிமையாளர் சம்மதித்தாலும் ஜாமீன் நிறுவனத்தின் பரிசீலனை இருக்கிறது. குடியிருப்பு அட்டை, வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, ஜப்பானிலேயே இருக்கும் அவசரத் தொடர்பு ஒன்று ஆகியவை வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில்தான். நிறுவனம் விண்ணப்பதாரரை ஜப்பானிய மொழியில் அழைத்துப் பெயர், பிறந்த தேதி, வேலையிடம் கேட்கும். எடுக்காவிட்டாலோ புரியாமல் திணறினாலோ கோப்பு ஓரமாகப் போய்விடும். எந்த நாள் அழைப்பு வரும் என்று தரகரிடம் கேட்டு வையுங்கள். வெளிநாட்டவருக்கென்றே உள்ள ஜாமீன் நிறுவனங்கள் வேறு மொழிகளிலும் பேசும். கடன் அட்டை நிறுவனங்களைச் சார்ந்த ஜாமீன் நிறுவனங்கள் ஜப்பானில் கடன் வரலாறு இல்லாதவரைக் கழித்துவிடக்கூடும். அப்படி நடந்தால் அதே வீட்டுக்குத் தனித்து இயங்கும் ஜாமீன் நிறுவனம் வழியாக முயல முடியுமா என்று கேட்கலாம்.

யூ.ஆர். வீடு

ரெய்கின் இல்லை, தரகு இல்லை, புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஜாமீனும் இல்லை. முன்பணம் இரண்டு மாதம். அதே 80,000 வாடகைக்கு, முதல் மாதத்தோடு சேர்த்து 2,40,000 கட்டினால் போதும். அதில் 1,60,000 திரும்பக்கூடிய பணம். மேலே போட்ட கணக்குப்படி, இரண்டு ஆண்டு தங்குபவருக்கு 90,000 யென் யூ.ஆர். வீடும் 80,000 யென் தனியார் வீட்டைவிடச் சற்று மலிவுதான். வாடகை கூடுதல் என்று இதை ஒதுக்குபவர்கள் இந்தப் பங்கீட்டைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆள் யார் என்று பார்க்காத யூ.ஆர். வருமானத்தைக் கறாராகப் பார்க்கும். குடும்பத்துக்கு வாடகை 82,500-க்குக் கீழே என்றால் மாத வருமானம் அதைப் போல் நான்கு மடங்கு வேண்டும். 82,500 முதல் 2 லட்சத்துக்குக் கீழ் வரை 3,30,000 யென் போதும். தனி ஆளுக்கு வாடகை 62,500 முதல் 2 லட்சத்துக்குக் கீழ் வரை என்றால் 2,50,000 யென் வருமானம் போதும். வருமானம் எட்டாவிட்டால் வாடகையைப் போல் 100 மடங்கு சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டலாம். நடுத்தரக் கால அல்லது நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் நடக்காது.

குறைகளும் இல்லாமல் இல்லை. முந்துபவருக்கே வீடு என்பதால் நகர மையத்தில் நல்லவை காலியானதும் பறந்துவிடும். பழைய வளாகங்களில் 5 மாடி இருந்தும் மின்தூக்கி இருக்காது. ஏசி, விளக்கு, அடுப்பு எல்லாம் நாமே வாங்க வேண்டியிருக்கும். எதோகாவா வார்டின் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் திரண்டதற்கு ஜாமீன் கேட்காத இந்த வீடுகளும் ஒரு காரணம். தோசாய் ரயில் தடத்தில் ஓதெமாச்சிக்கு நேராகப் போய்விடலாம் என்பது இன்னொன்று. ஆனால் அந்த வார்டு ஆற்று முகத்தில் தாழ்ந்து கிடக்கும் நிலம். 2020 ஆகஸ்ட் முதல் தரகர்கள் ஒப்பந்தத்துக்கு முன் வெள்ள வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும். அங்கே தேடுபவர்கள் தரைத்தளத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஷேர் ஹவுஸும் மன்த்லி மேன்ஷனும்

இவை இரண்டும் குறுகிய காலத்துக்கு. ஷேர் ஹவுஸில் முன்பணம் 30,000 முதல் 50,000 வரை. வாடகைக்கு மேல் மின்சாரம், தண்ணீர், இணையத்துக்கு மாதம் 10,000 முதல் 20,000 வரை. கட்டில், குளிர்பெட்டி இருக்கும். சமையலறையும் குளியலறையும் பொது என்பதுதான் விலை. மன்த்லி மேன்ஷன் தனி வீடு, எல்லாம் பொருத்தப்பட்டது. அதற்கு வழக்கமான வாடகையைப் போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றிரண்டு மாதத்துக்குச் சரி, ஆறு மாதம் என்றால் வீண். இரண்டும் பெரும்பாலும் காலவரையறை ஒப்பந்தங்கள். தேதி முடிந்தால் உரிமையாளர் நீட்டிக்க வேண்டிய கட்டாயமில்லை. தனியார் வீட்டின் சாதாரண ஒப்பந்தத்தில் தக்க காரணமின்றி வெளியேற்ற முடியாது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இந்த முகவரியைப் பதிவு செய்யலாமா? குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். சில மன்த்லி மேன்ஷன்கள் இதை அனுமதிப்பதில்லை. குடியிருப்பு அட்டையில் முகவரி இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும் கைப்பேசி எண்ணும் இழுக்கும். எண் இல்லாமல் தனியார் வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. புதிதாக வருபவர் முகவரி பதியும் ஷேர் ஹவுஸில் இரண்டு மூன்று மாதம் இருந்து, எண்ணும் கணக்கும் சம்பளச் சீட்டும் கையில் வந்ததும் யூ.ஆர்., பிறகு தனியார் என்று தேடுவதே எங்கள் பரிந்துரை. ஜனவரி முதல் மார்ச் வரை உள்ளூர்க்காரர்களே போட்டி போடுவார்கள். சாமான் ஏற்றும் வண்டிக் கூலியும் ஏறும்.

வீட்டைப் பார்க்கும்போது

நிலையத்திலிருந்து ‘10 நிமிடம்’ என்றால் 800 மீட்டர். 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது விளம்பர விதி. மேடும் சிக்னலும் அதில் சேராது. கட்டட அனுமதி 1981 ஜூன் 1-க்குப் பிந்தையதா என்று கேளுங்கள். நிலநடுக்க விதி அன்றுதான் இறுகியது. மரக் கட்டடத்தில் பக்கத்து வீட்டு அலாரம்கூடக் கேட்கும்; கான்கிரீட் கட்டடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். சலவை இயந்திரம் வைக்கும் தட்டையும் கதவின் அகலத்தையும் டேப்பால் அளந்து வையுங்கள். எரிவாயு நகரக் குழாயா, சிலிண்டரா என்றும் பாருங்கள். சிலிண்டர் எரிவாயுவுக்குச் செலவு அதிகம். தவிர, ஒன்றுக்கான அடுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய அடுப்பை வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எரிவாயுவைத் திறந்துவிட ஆள் வரும்போது வீட்டில் இருந்தாக வேண்டும். அதுவரை வெந்நீர் இல்லை. பல வீடுகளில் கூரையில் விளக்கு மாட்டும் இணைப்பு மட்டுமே இருக்கும், விளக்கு இருக்காது. குடிபோகும் நாளுக்கு முன்பே விளக்கும் திரைச்சீலையும் வாங்கிவிட வேண்டும்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறங்குமுன், சுவர்க் கீறல், தரைக் கறை, கதவு உராய்வு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்துத் தரகருக்கு அனுப்பிவிடுங்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சிவில் சட்டப்படி, இயல்பான தேய்மானத்தைச் சரிசெய்யும் செலவு குடியிருப்பவருடையது அல்ல. வெயிலில் வெளுத்த சுவர்த்தாளுக்கு முன்பணத்தில் கழித்தால், செலவு விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, இந்தப் படங்களை நீட்டலாம். காலி செய்யும் தகவலைத் தனியார் வீட்டுக்கு வழக்கமாக ஒரு மாதம் முன்பும் யூ.ஆருக்கு 14 நாள் முன்பும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் அந்த நாளுக்கும் வாடகை ஓடும்.