மூன்று நாட்டு பிராட்பேண்ட்: வேகத்தை விடுங்க, வரம்பைப் பாருங்க

இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றிலும் வருடக்கணக்கில் வீட்டு இணைப்பு வைத்திருந்திருக்கிறேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் வேகத்தை நான் இப்போது கடைசியாகத்தான் பார்ப்பேன்.

முதலில் டேட்டா வரம்பு, அது தீர்ந்தால் என்ன ஆகும் என்பது. இந்தியாவில் எஃப்யூபி (முழு வேகத்தில் பயன்படுத்தக்கூடிய டேட்டா வரம்பு) தாண்டினால் பில் ஏறாது, வேகம் படுத்துவிடும். பழைய பிளான்களில் 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கியதும் மெயில் திறப்பதே பெரும்பாடு. இப்போது ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் ஃபைபரிலும் மாதம் 3300 ஜிபி போல ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். சாதாரண வீட்டில் அதைத் தொடுவது கஷ்டம், அதனால் எனக்குப் புகார் இல்லை.

அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம் பல மாநிலங்களில் நெடுநாள் 1.2 டெராபைட் (1200 ஜிபி) வரம்பு வைத்திருந்தது. வேகம் குறையாது, தாண்டிய ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 125 எம்பி) இணைப்பை முழு வேகத்தில் ஓட்டினால் மாதக் கோட்டா மூன்று மணி நேரத்துக்குள் காலி! அப்புறம் எதற்கு அந்த வேகம்? 2025-இல் வந்த புதிய பிளான்களில் வரம்பை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் நம்ம ஊர் முறையே மேல். திட்டிக்கொண்டாவது மாதக் கடைசிவரை ஓட்டிவிடலாம்.

அப்லோடு இன்னொரு தலைவலி. கேபிள் இணைப்பில் டவுன்லோடு பறக்கும், ஆனால் வீட்டில் இரண்டு பேர் வீடியோ கால் போட்டால் அப்லோடு திணறும். இந்திய ஃபைபரில் 100 எம்பிபிஎஸ் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 100 வருகிறது. வேடிக்கை என்னவென்றால், எது பிராட்பேண்ட் என்பதற்கு இந்தியாவின் அதிகாரபூர்வ அளவு 2023 முதல் 2 எம்பிபிஎஸ்தான். அமெரிக்காவில் 2024-இல் அதை டவுன்லோடு 100, அப்லோடு 20 என்று உயர்த்தினார்கள்.

பிரிட்டனில் வரம்புத் தொல்லை எனக்கு இருந்ததில்லை. ஆனால் ‘ஃபைபர்’ என்று விற்றது தெருமுனைப் பெட்டி வரைதான். அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி. தூரம் கூடினால் வேகம் போச்சு. 2018 முதல் ஒரு நல்ல விதி உண்டு: இரவு 8 முதல் 10 மணிக்குள் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் விளம்பரம் செய்யலாம். அதற்கு முன் பத்து சதவீதம் பேருக்குக் கிடைத்தாலே போதும்.

பழுது பார்ப்பதில் இந்தியாதான் முதலிடம். சாலை தோண்டி ஃபைபர் அறுந்தால் லைன்மேனுக்கு ஒரு போன், அநேகமாக மறுநாளுக்குள் வந்துவிடுவார். பிரிட்டனில் இன்ஜினியருக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் 2019-இல் வந்த இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமாக இருந்தால், சொன்ன நாளில் ஆள் வராவிட்டால் கேட்காமலே இழப்பீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.