61 கீ கீபோர்டில் பாட்டு வாசிக்கப் பழகுதல்: நீண்டகாலப் பாவனையில் தெரிய வருபவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பியானோ பழகுகிறோம் என்பவர்களில் அநேகரின் வீட்டில் நிற்பது 61 கீ கீபோர்ட்தான். அதில் சினிமாப் பாட்டையும் ஆலயக் கீதத்தையும் பியானோ அரேஞ்மென்டாக (இரண்டு கைக்கும் ஏற்றபடி மாற்றி எழுதிய வடிவில்) வாசிக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஆனால் வாங்கும்போது ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது: விரல் விழும் வேகத்துக்கேற்பச் சத்தம் கூடிக் குறைகிற டச் வசதி. அது இல்லாத மலிவுக் கீபோர்டில் இரண்டு கையும் ஒரே உரப்பில் ஒலிக்கும். மெட்டு பின்னணிக்குள் அமுங்கிப்போகும். நூற்றுக்கணக்கான வாத்தியச் சத்தம் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஒரு நல்ல பியானோ சத்தம், தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெற்றோனோம், சத்தத்தை நீட்டும் பெடலுக்கான துளை, சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ், இவ்வளவும் இருந்தால் நீண்ட காலம் போதும்.

முழுப் பியானோவில் 88 கீ. 61 கீயில் கீழே 15, மேலே 12 குறைகிறது. மேலே குறைவது பாட்டு வாசிப்பில் தெரியவே தெரியாது. கீழே குறைவதுதான் இடிக்கும், ஏனென்றால் அரேஞ்மென்ட் எழுதுகிறவர்கள் இடது கைக்கு ஆழமான எட்டுச்சுர இடைவெளிகளை (ஓக்டேவ்) தாராளமாகப் போடுவார்கள். கீ முடிந்துவிட்டால் அந்த வரியை அப்படியே ஓர் ஓக்டேவ் மேலே தூக்கி வாசிக்கலாம். அப்போது வலது கையோடு முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். முட்டினால் இடது கையில் கீழ்ச் சுரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடலாம். நடு சி-க்கு ஓர் ஓக்டேவ் கீழே போனபின் சி–ஈ–ஜி என்று மூன்று சுரத்தையும் நெருக்கி அடிக்காதீர்கள். தாழ்ந்த சுரங்களின் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் கலங்கிவிடும். அங்கே சி–ஜி, அல்லது சி–ஜி–மேல் சி போதும், விரல் 5–2–1 (பெருவிரல் 1, சின்ன விரல் 5).

பழகுகிறவர்கள் பாட்டைக் கைவிடும் இடம் அநேகமாக இடது கைதான். மெட்டு எல்லாருக்கும் காதில் இருக்கிறது, வலது கை எப்படியோ தேடிப் பிடித்துவிடும். இடது கை ஒவ்வொரு கோர்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தாவத் தாவத் தாளம் நின்று நின்று போகும். தாவலைக் குறைக்கும் வழி, கோர்டைத் திருப்பி அடிப்பது. சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று வரும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதன் மூலச் சுரத்திலிருந்து அடித்தால் கை அரை கீபோர்டையும் அலையும். சி–ஈ–ஜி, பி–டி–ஜி, சி–ஈ–ஏ, சி–எஃப்–ஏ என்று அடித்துப் பாருங்கள்: சின்ன விரல் சி-யையும் பி-யையும் விட்டு நகரவே இல்லை. முதல் மூன்றுக்கும் விரல் 5–3–1, கடைசிக்கு 5–2–1. தனியாக வாசிக்கும்போது அடித்தளம் கொஞ்சம் மெலிந்து கேட்கும், அதுதான் இதன் குறை. பேஸ் கிற்றார் இருக்கும் குழுவில் அந்தக் குறையும் இல்லை.

இந்த நான்கு கோர்டும் நிற்காமல் ஓடத் தொடங்கும்வரை வலது கையைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. மெற்றோனோம் 60-இல் வைத்து, நான்கு பாரை (தாளச் சுற்றை) மட்டும் எடுத்து, இடது கை தனியே, வலது கை தனியே, பிறகு இரண்டும். தடக்காமல் மூன்று முறை வந்தால் வேகத்தை 4 அல்லது 5 கூட்டலாம். முதலாம் பாரிலிருந்து கடைசிவரை தினமும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், ஆனால் அதில் தொடக்கம் மட்டும் பளபளக்கும், சரணம் எப்போதும் சொதப்பும். சரணத்திலிருந்து தொடங்கிப் பழகுவது மேல்.

தாளத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பாடகர் சொல்லை அடிக்கு முன்னும் பின்னும் தள்ளிப் பாடுவார். இடது கை 1-இலும் 3-இலும் விழ, மெட்டு அவற்றுக்கு நடுவில் விழும். தாளில் '1 ம் 2 ம் 3 ம் 4 ம்' என்று எழுதி, எந்த எழுத்து எந்த 'ம்'-இல் விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். கீ மேல் நிறப் பட்டை விழும் வீடியோக்களைப் பார்த்துப் பழகுகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்: எந்தக் கீ என்று அவை காட்டும், எந்த விரல், எந்த அடி என்று பெரும்பாலும் காட்டாது.

நம் பாட்டுகளுக்கென்றே சில விசயம். பாடகர் தன் சுருதி 'ஐந்து கட்டை' என்றால் ஜி, 'நாலு' என்றால் எஃப், 'ஐந்தரை' என்றால் ஜி ஷார்ப். தொடக்கத்தில் சி-யிலேயே வாசித்து ட்ரான்ஸ்போஸால் ஏற்றிக்கொள்ளலாம்; முடிந்ததும் பூச்சியத்துக்குக் கொண்டுவர மறந்தால் அடுத்த ஒத்திகையில் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். சங்கராபரண ராகத்தில் அமைந்த மெட்டுக்கு மேஜர் ஸ்கேலின் கோர்டுகள் நேராகப் பொருந்தும். கீரவாணி என்றால் கவனம்: ஏ-யை ஆதாரமாக வைத்தால் ஜி ஷார்ப் வரும், ஆகவே அங்கே ஈ மைனர் அடித்தால் பாட்டு இடறும், ஈ மேஜர்தான். கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுவதை, பியானோவில் கொண்டுவர முடியாது. அரைச்சுரம் கீழிருந்து ஒரு நொடிப்பொழுது தொட்டு ஏறினால் அதன் சாயல் வரும். ஒவ்வொரு சுரத்திலும் செய்தால் சகிக்காது.

தானாகத் தாளம் போடும் ஸ்டைல் வசதியைப் பழகும் நேரத்தில் அணைத்து வைப்பதே என் தீர்ப்பு. அது இடது கையின் வேலையை எடுத்துக்கொள்வதால் அந்தக் கை வளராது. போதாததற்கு, நாலடித் தாளத்துக்கான ஸ்டைலைத் திஸ்ர நடைப் (மூன்று மூன்றாக எண்ணும்) பாட்டுக்குப் போட்டுவிட்டு மெட்டைக் குறை சொல்கிறவர்களும் உண்டு.

பெடலைக் கோர்டோடு சேர்த்து மிதிப்பது பொதுப் பிழை. புதிய கோர்ட் விழும்போது கால் எழ வேண்டும். விழுந்த கையோடு மீண்டும் இறங்க வேண்டும். அப்போதுதான் பழைய சத்தம் வெட்டுப்பட்டுப் புதியது மட்டும் தொடரும். மிதித்தால் சத்தம் நின்று, காலை எடுத்தால் நீண்டு ஒலிக்கிறதென்றால் பெடல் கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள்: சில கீபோர்டுகள் ஒன் ஆகும் கணத்தில் பெடலின் நிலையைப் படித்து வைக்கும். காலை எடுத்துவிட்டு கீபோர்டை அணைத்து மீண்டும் போடுங்கள். மாபிள் தரையில் பெடல் ஓடிக்கொண்டே இருக்கும், அடியில் ஒரு றப்பர் விரிப்பு போடுங்கள். புளூடூத் ஹெட்போனில் சத்தம் பிந்தி வரும், வயருள்ளதே சரி.

இனி நம் ஊர்க் காலநிலை. கடலோரத்தில் உப்புக் காற்று, கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசு, மாரியில் ஈரம். கீக்கு அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். இரண்டும் தொடும் நேர வித்தியாசத்தை வைத்தே சத்தத்தின் உரப்பு தீர்மானமாகிறது. அழுக்கோ ஈரமோ ஒன்றைக் கெடுத்தால் அந்தக் கீ மட்டும் திடீரென்று கத்தும், அல்லது பேசாது. கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். துணி உறையால் மூடுங்கள். பொலித்தீன் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். இடி மின்னல் பின்னேரங்களில் பிளக்கைக் கழற்றுங்கள். அடாப்டர் மாற்ற நேர்ந்தால் வோல்ற் மட்டும் ஒத்திருந்தால் போதாது, முனையின் கூட்டல் கழித்தலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். மின்வெட்டுக்கென்று போட்ட பற்றரியை மாதக்கணக்கில் உள்ளே விடாதீர்கள், ஒழுகி முனைகளை அரித்துவிடும்.

பரீட்சைக்கோ உண்மையான பியானோவுக்கோ போக எண்ணமிருந்தால் 88 கீ, பாரமான கீ உள்ளதற்கு மாற வேண்டும்; 61-இன் இலேசான ஸ்பிரிங் கீயில் பழகிய விரல் அங்கே சோர்ந்துவிடும். பாவித்ததை வாங்குவதென்றால் ஒவ்வொரு கீயையும் மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்திக் கேளுங்கள். பெடலைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். அடிப்பக்கத் திருகாணிகளில் துரு இருந்தால், உள்ளே என்ன நிலை என்று திறந்து காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.