அட்மின்-போஸ்டா, அட்மின்-அஜாக்ஸா, ரெஸ்ட் ஏபிஐயா?

வேர்ட்பிரஸ் தளத்தில் வாசகர்கள் கட்டுரை அனுப்ப ஒரு படிவம் வைக்கிறோம். அனுப்புகிறவர் எடிட்டராக இருக்கலாம், சப்ஸ்கிரைபராக இருக்கலாம், லாகின் செய்யாத விருந்தினராகவும் இருக்கலாம். பிளகினுக்குள் (தளத்தில் நாம் சேர்க்கும் கூடுதல் நிரல்) அதை வாங்கிக்கொள்ள மூன்று வழி உண்டு.

எளியது அட்மின்-போஸ்ட். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை, வேலை முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். அட்மின்-அஜாக்ஸ் பக்கம் மாறாமலே பதில் தரும். இரண்டிலும் லாகின் செய்தவருக்கு ஒரு ஹூக் (நம் நிரலை வேர்ட்பிரஸோடு இணைக்கும் இடம்), செய்யாதவருக்கு ‘நோபிரிவ்’ என்று இன்னொன்று. நோபிரிவை மட்டும் எழுதிவிட்டு லாகின் செய்தபடி அனுப்பினால், அஜாக்ஸ் 400 பிழையோடு வெறும் ‘0’ என்று திருப்பித் தரும்.

இதாவது கண்ணில் படும். இன்னொன்று படாது. சப்ஸ்கிரைபர்கள் டாஷ்போர்டுக்குள் வரக்கூடாது என்று அட்மின் பகுதி தொடங்கும்போது ஓடும் ‘அட்மின்_இனிட்’ ஹூக்கில் ஒரு ரீடைரக்ட் எழுதியிருந்தேன். அட்மினாக அனுப்பினேன், போனது. விருந்தினராக அனுப்பினேன், அதுவும் போனது. சப்ஸ்கிரைபர் அனுப்பினால் மட்டும் முகப்புப் பக்கம் வந்து நின்றது, கட்டுரையைக் காணோம். அட்மின்-போஸ்ட், அட்மின்-அஜாக்ஸ் இரண்டுமே அந்த ஹூக்கை ஓட்டுகின்றன என்பது அரைநாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது. ‘இஸ்_அட்மின்’ என்று கேட்டாலும் அங்கே எல்லோருக்கும் ஆம் என்றே வரும்; அது பார்ப்பது அட்மின் பகுதியா என்பதை, ஆள் அட்மினா என்பதை அல்ல. அதை நம்பி அனுமதி கொடுப்பது பெரிய ஓட்டை.

மூன்றாவது வழி ரெஸ்ட் ஏபிஐ, அதாவது நிரல்கள் தளத்தோடு நேரடியாகத் தரவு பரிமாறும் முகவரிகள். அதில் இந்தச் சிக்கல் இல்லை. யாருக்கு அனுமதி என்பதைச் சொல்ல ‘பெர்மிஷன்_கால்பேக்’ என்று தனி இடமே இருக்கிறது. அதை விட்டுவிட்டால் 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸே எச்சரிக்கிறது. புதிதாக எழுதுவதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கோரிக்கை நம் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் தற்காலிகக் குறியீடு நான்ஸ்; அதைச் சுமக்கும் ‘எக்ஸ்-டபிள்யூபி-நான்ஸ்’ ஹெடரை அனுப்ப மறந்தால், லாகின் செய்தவரையும் விருந்தினராகத்தான் கணக்கில் எடுக்கும். நான்ஸின் ஆயுளும் இயல்பாக அதிகபட்சம் 24 மணி நேரம்தான். பக்கத்தின் சேமித்த நகலை (கேஷ்) அதற்கு மேல் வைத்திருந்தால் படிவம் வேலை செய்யாது.

எந்த வழியானாலும் ‘இவர் எடிட்டரா’ என்று ரோல் பெயரைக் கேட்காதீர்கள். ‘பப்ளிஷ்_போஸ்ட்ஸ்’ உரிமை உண்டா என்று கேளுங்கள். இல்லாதவர் எழுத்தை ‘பென்டிங்’ (பரிசீலனைக்குக் காத்திருக்கும்) நிலையில் சேமியுங்கள். பதிவைச் சேமிக்கும் ‘டபிள்யூபி_இன்சர்ட்_போஸ்ட்’ தானாக உரிமை பார்ப்பதில்லை, பிரசுரிக்கச் சொன்னால் அப்படியே பிரசுரித்துவிடும். படம் சேர்க்கும் வசதி வைத்தால் அதற்கும் தனியாகப் பாருங்கள்: கட்டுரை எழுத உரிமையுள்ள கான்ட்ரிபியூட்டருக்கு, இயல்பாகப் பதிவேற்றும் உரிமை கிடையாது.