எக்ஸ்பான்ஸா, கல்ச்சரா, ஹைப்பீரியனா? விண்வெளிப் பெருங்கதைகளில் எதைக் கையில் எடுப்பது

கொழும்பில் விஞ்ஞானப் புனைகதை என்று வாய் திறந்தாலே பேச்சு ஆர்தர் சி. கிளார்க்கில் போய் நிற்கும். நியாயம்தான். 1956இல் இங்கே வந்து குடியேறியவர், பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்தவர், 2008இல் பொரளை கனத்தையில் அடக்கமானவர். ஆனால் ஆயிரம் உலகங்கள், விண்மீன் பேரரசுகள், தலைமுறை தாண்டும் போர்கள் என்று ஸ்பேஸ் ஒபெரா தேடி வருபவரிடம் கிளார்க்கை நீட்டினால் ஆள் ஏமாந்து போவார். 1979இல் வந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நம்முடைய தீவையே தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்து, மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிறது. அருமையான நாவல், ஆனால் அது ஓர் எஞ்சினியரின் பிடிவாதத்தைப் பற்றியது. அந்தப் பசிக்கு அது தீனி அல்ல.

அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’, ஹெர்பர்ட்டின் ‘டூன்’ இரண்டையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. முதலாவதில் ஆட்கள் அறைக்குள் உட்கார்ந்து கதைத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவதில் முக்கால்வாசிக் கதை ஒரே மணல் கிரகத்தில் நடக்கிறது. எப்படியும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் அவற்றை வாசித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மிச்சத்தில் உண்மையான போட்டி மூன்றுக்குள்தான். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரியின் ‘த எக்ஸ்பான்ஸ்’ வரிசை, இயன் எம். பாங்க்ஸின் ‘கல்ச்சர்’ நாவல்கள், டான் சிமன்ஸின் ‘ஹைப்பீரியன்’. பக்கக் கணக்கையோ விருதுகளையோ வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. நான் உரைகல்லாக வைப்பது தூரத்தை. நட்சத்திரங்களுக்கு இடையில் கிடக்கும் அந்தப் பெருவெளியை எழுத்தாளர் என்ன செய்கிறார்?

எக்ஸ்பான்ஸ் தூரத்தை மதிக்கிறது. 2011இல் வந்த முதல் நாவல் ‘லெவியாத்தன் வேக்ஸ்’ சூரியக் குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகக் கிழமைகள் எடுக்கும். செய்தி அனுப்பினால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குள் ஒரு போரே மூண்டுவிடும். சிறுகோள் பட்டையிலுள்ள சீரிஸ் போன்ற இடங்களில் காற்றும் தண்ணீரும் காசுச் சாமான். சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி இழுத்துவரும் ஒரு கப்பலை யாரோ அழித்துவிடுவதில் கதை சூடுபிடிக்கிறது. சிறுகோள்களில் பிறந்தவர்கள் தலையாட்டிப் பேசுவதில்லை, கையால் சைகை காட்டுவார்கள். விண்வெளி உடை போட்டவனின் தலையாட்டல் மற்றவனுக்குத் தெரியாது அல்லவா? இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களால் அந்த உலகம் நம்பும்படி ஆகிவிடுகிறது.

கோரி என்பது டானியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க் என்ற இருவரின் புனைபெயர். முதல் நாவலில் ஓர் அத்தியாயம் கப்பல்காரன் ஹோல்டனுக்கு, அடுத்தது துப்பறியும் மில்லருக்கு என்று மாறி மாறிப் போகும். ஒவ்வொன்றும் கொக்கி போட்டு முடியும். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் இரவு விழித்து முடித்தவருக்கு இந்த வித்தை பழக்கமானதுதான். ஆங்கிலமும் மூன்றிலும் இலகுவானது. குறை என்றால் நீளம்: 2021இல் முடிந்த ஒன்பது நாவல்கள். நான்காவதான ‘சிபோலா பர்ன்’ எனக்கு இழுவையாகவே இருந்தது. ஆறாவதோடு நிறுத்தினாலும் பாதகமில்லை. அதன் பிறகு கதை ஏறத்தாழ முப்பது வருடம் தாவிவிடுகிறது.

பாங்க்ஸ் நேர்மாறு. அவருக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கல்ச்சர் என்ற நாகரிகத்தில் காசு கிடையாது, நோய் கிடையாது. எல்லாவற்றையும் ‘மைண்ட்ஸ்’ எனப்படும் பேரறிவு இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. கப்பல்களும் அவைதான், தங்களுக்குத் தாங்களே குறும்பான பெயர் வைத்துக்கொள்ளும். எல்லாம் இருக்கிறவன் எதற்காக எழும்புவான் என்பதுதான் பாங்க்ஸின் கேள்வி. ‘த பிளேயர் ஒஃப் கேம்ஸ்’ (1988) நாவலில் குர்கே என்ற விளையாட்டு வீரன், ஒரே ஆட்டத்தால் பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் கொடூரமான சாம்ராஜ்ஜியத்துக்குப் போகிறான். அவன் அந்த ஆட்டத்தை ஆட ஆட, ஆட்டமும் அவனைக் கொஞ்சம் மாற்றுகிறது.

இந்த வரிசையை முதலில் வந்த ‘கன்சிடர் ஃப்ளீபஸ்’ஸில் தொடங்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அதில் கதாநாயகன் கல்ச்சருக்கு எதிரி, அதனால் அந்த நாகரிகத்தைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் அவனுடைய வெறுப்புத்தான். நல்ல கதைதான், ஆனால் வாசலில் நிற்க வேண்டிய கதை இல்லை. தனித்தனிக் கதைகள் என்பதால் ஒழுங்கைக் குழப்பி வாசித்தாலும் நட்டமில்லை.

‘ஹைப்பீரியன்’ (1989) தூரத்தைக் காலக் கடனாக மாற்றுகிறது. உலகங்களுக்கு இடையில் கதவுகள் உண்டு. கதவு இல்லாத உலகங்களுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். பயணிக்குச் சில மாதம், ஊரில் இருப்பவர்களுக்குப் பல வருடம். ஏழு யாத்திரிகர்களில் ஆறு பேர் போகும் வழியில் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அதில் சிரி என்ற பெண்ணின் கதை இந்தக் கடனில்தான் நடக்கிறது. பதினாறு வயதில் ஒரு கப்பல்காரனைச் சந்திக்கிறாள். அவன் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவள் வருடக் கணக்கில் மூத்திருக்கிறாள். கடைசியில் அவள் கிழவி, அவன் இன்னும் இளந்தாரி. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தை அடுக்குமாடியில் தனியே இருக்கிற அம்மாமாரைத் தெரிந்த எவரும் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

அதைவிடவும் கனமானது அறிஞர் சோல் சொல்லும் கதை. அவர் மகள் ரேச்சல் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் இளமையாகிறாள், அந்த நாளின் ஞாபகமும் போய்விடுகிறது. நேற்று நடந்தது அவளுக்குத் தெரியாது. வளர்த்த பிள்ளை மறுபடி குழந்தையாகிக்கொண்டு போவதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வரிசையிலும் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ‘ஹைப்பீரியன்’ முடிவதில்லை, நின்றுவிடுகிறது. ‘த ஃபோல் ஒஃப் ஹைப்பீரியன்’ (1990) கையில் இல்லாமல் தொடங்குவது வீண் வேலை. மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் முதலாவது மட்டும் அகப்பட்டால் வாங்கி வையுங்கள், ஆனால் திறக்காதீர்கள். யாத்திரிகர்களில் ஒருவரான கவிஞர் சொல்லும் பகுதியின் ஆங்கிலமும் கொஞ்சம் சோதிக்கும்.

இந்த மூன்றுக்கும் வெளியே இரண்டு பெயர். வெர்னர் விஞ்சின் ‘எ ஃபயர் அபொன் த டீப்’ (1992) தூரத்துக்கு வேறொரு விதி போடுகிறது: பால்வெளியின் உட்பகுதியில் அறிவே மந்தமாகும், வெளியே போகப் போகக் கூர்மையாகும். அதில் வரும் நாய் போன்ற உயிர்கள், நாலைந்து உடல் சேர்ந்தால்தான் ஓர் ஆள். ஏட்ரியன் சைகோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஒஃப் டைம்’ (2015) சிலந்திகளின் நாகரிகம். சிலந்திக்குப் பயந்தவர்கள்தான் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

சரி, ஒன்றே ஒன்று வாங்குவது என்றால்? பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றபடி வாசிக்கிறவருக்கு ‘லெவியாத்தன் வேக்ஸ்’. நாவலை முடித்துவிட்டு யாரோடாவது வாதாட ஆசைப்படுகிறவருக்கு ‘த பிளேயர் ஒஃப் கேம்ஸ்’. என் ஓட்டு ஹைப்பீரியனுக்குத்தான், இரண்டு புத்தகமாக. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றது எப்போது வரும் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.