அக்னிச் சிறகுகளா, கடல்புரத்திலா?

பிளஸ் டூ எழுதி முடித்த பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அக்கா, ஆயுசுக்கும் மறக்காத மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்க." பாம்பன் உப்புக்காற்றில் அட்டை சுருண்டுபோன இரண்டை எடுத்து வைத்தேன்.

இடம்
அக்னிச் சிறகுகள்: நம்ம ராமேஸ்வரம். அப்துல் கலாமின் சுயசரிதை. அவர் அப்பா கட்டிய படகைப் புயல் அடித்துக்கொண்டு போகும். ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைச் சிறுவன் பொறுக்குவான்.
கடல்புரத்தில்: தெற்கே, திருநெல்வேலிக் கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர்கள். வண்ணநிலவன் எழுதி 1977இல் வந்த நாவல்.

வாசிக்க
அக்னி: தொடக்கம் ஓடிவிடும். பின்பாதியில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ஏவுகணை என்று விஞ்ஞானம் வரும், நிதானம் வேண்டும்.
கடல்: சின்னப் புத்தகம், ஒரே மத்தியானம் போதும். பேச்சுவழக்கு பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

மனதில் நிற்பது
அக்னி: தோற்ற பிறகும் எழுந்து நடக்கும் தெம்பு.
கடல்: நாவலின் நாயகி பிலோமி. காதல் கைவிட்டுப் போன பிறகும் அவளுக்கு யார் மேலும் வெறுப்பு வராது. வல்லத்தை, அதாவது தன் நாட்டுப்படகை, விற்க மனசில்லாத அவள் அப்பா குரூஸ் மிக்கேல், விசைப்படகு வைத்திருக்கும் லாஞ்சிக்காரர்களோடு மூளும் பகை... விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடக்கும் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அழுதேன்.

மேற்படிப்புக்கு ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அக்னிச் சிறகுகள். வீட்டில் படகு இருப்பவர்களுக்கும், மனசு உடைந்து கிடப்பவர்களுக்கும் கடல்புரத்தில்தான். அந்தப் பெண் கையில் முதலில் கொடுத்தது பிலோமியை.