வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்: மாலையா, பதிவேடா?

தாலி வேண்டாம், ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவருக்குச் சட்டப்படி எல்லா உரிமையும் வேண்டும். நானும் என் இணையரும் தேடியது இதைத்தான். இங்கிலாந்தில் இதற்கு சிவில் பார்ட்னர்ஷிப் என்று ஒரு சட்டமே இருக்கிறது. 2004இல் இயற்றியபோது ஒருபால் இணையர்களுக்கு மட்டும்தான். ஓர் ஆணும் பெண்ணும் எங்களுக்கும் வேண்டும் என்று வழக்காடி 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2019 டிசம்பர் 31 முதல் ஆண்-பெண் ஜோடிகளுக்கும் திறந்துவிட்டார்கள். பதிவாளரும் இரண்டு சாட்சிகளும் பார்த்திருக்க, இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை.

நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஆசைப்பட்டால்? இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் உறவே கிடையாது. 2023 அக்டோபர் 17 அன்று ஒருபால் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தந்த தீர்ப்பில், மூவர் சிவில் யூனியன், அதாவது திருமணம் அல்லாத சட்டபூர்வ இணைவு என்ற உரிமையை ஏற்கவில்லை. ஆகவே இருப்பதில் எது அதற்குக் கிட்ட வருகிறது என்று பார்க்கவேண்டியதுதான். நாங்கள் போனது சிறப்புத் திருமணச் சட்டத்தில். என் சாய்வும் அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமே இல்லாமல் சேர்ந்து வாழ்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றமில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் துணை இறந்தால் மற்றவர் வாரிசு ஆகமாட்டார். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது திருமணமும் ஆகாது, வேறு எதுவும் ஆகாது.

உண்மையான போட்டி சுயமரியாதைத் திருமணத்துக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கும்தான்.

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பிறந்தவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அழைப்பிதழிலேயே ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா’ என்றுதான் போடுவார்கள். லண்டன்காரன் யோசிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம்மூர்க் கருப்புச்சட்டைத் தாத்தாக்கள் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து இதைச் சட்டமாக்கினார். 1968இல் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ மற்றவரோ பார்த்திருக்க, இருவருக்கும் புரியும் மொழியில் உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், விருப்பமிருந்தால் தாலியும் கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். காத்திருக்கும் காலம் இல்லை. ஊரறியச் செய்யவேண்டும் என்பதும் இல்லை, வழக்கறிஞர்கள் முன்னால் செய்துகொண்டாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வீட்டில் அரிவாளோடு தேடுகிறார்கள் என்றால் இரண்டாம் யோசனையே வேண்டாம், இதுதான் வழி. ஒரே வரம்பு, இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருக்கவேண்டும். நாகூர்ப் பையனுக்கும் வேளாங்கண்ணிப் பெண்ணுக்கும் இது உதவாது.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் வந்தது. மதம் கேட்காது. கேட்பது பொறுமையைத்தான். இருவரில் ஒருவராவது முப்பது நாள் குடியிருக்கும் மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அதைப் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாள் கழித்து, சட்டப்படியான ஆட்சேபம் இல்லையென்றால் கல்யாணம். எங்கள் காகிதம் கண்ணாடி போட்ட பலகையில், ஒரு ஏல அறிவிப்புக்கும் பழைய சுற்றறிக்கைக்கும் நடுவில் குண்டூசியில் தொங்கியது. வாசலில் இருந்த பத்திர எழுத்தர்கள் எல்லோரும் படித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அத்தை வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. சென்னையில் போய்க் கொடுத்தால் தப்பிக்கலாமா என்றால் முடியாது. நிரந்தர முகவரி இங்கே என்றால் அறிவிப்பின் நகல் இங்குள்ள அலுவலகத்துக்கும் வந்து ஒட்டப்படும். எங்கள் வீடுகளில் கோபம் மட்டும்தான் இருந்தது, ஆபத்து இல்லை, அதனால் தாங்கினோம். ஆபத்து இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்குத் தைரியம் வராது. இங்கிலாந்திலும் 28 நாள் அறிவிப்பு உண்டு என்பதை ஒரு ஆறுதலுக்காகச் சொல்லிவைக்கிறேன். அங்கே பலகையைப் பார்த்து அத்தைக்குப் போன் போடுகிறவர்கள் குறைவாக இருக்கலாம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதை எடுத்தோம்? அத்தாட்சி. எனக்கு மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எங்கள் பெரியம்மாவுடையது எழுபதுகளில் நடந்த சுயமரியாதைத் திருமணம். பதிவு செய்யவில்லை, அன்று யாரும் செய்ததில்லை. பிள்ளை இல்லை. பெரியப்பா போனதும் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருந்த கொஞ்ச நஞ்சைக்குப் பட்டா மாற்றப் போனார். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார், வருவாய் ஆய்வாளர் விசாரித்தார். பங்காளி ஒருவர், "கல்யாணமா? யாரு பாத்தா?" என்று மனு கொடுத்தார். தலைமை தாங்கியவர் இல்லை, மாலை எடுத்துக் கொடுத்தவரும் இல்லை. கையில் இருந்தது மடிப்பில் கிழிந்த அழைப்பிதழும், மைக் பிடித்துப் பேசுகிறவர் முழுசாகவும் மணமக்கள் பாதியாகவும் விழுந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமும். தகராறு இருப்பதால் நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லைதான். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிந்துவிடவேண்டும். அப்படிப் பதிந்த சுயமரியாதைத் திருமணச் சான்றிதழ் பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனாலும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. அந்தப் பதிவு, வேறெங்கோ நடந்த ஒரு திருமணத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. சடங்கே நடக்காமல் வெறும் பதிவுச் சான்றிதழால் இந்துத் திருமணம் ஆகிவிடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 7ஏ திருமணத்திலும், நடந்ததா என்று எவனாவது கேட்டால் நடந்ததைக் காட்டவேண்டியது நீங்கள்தான். சிறப்புத் திருமணத்தில் திருமணம் நடக்கிற இடமே பதிவு மேசைதான். அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, உன்னைச் சட்டப்படி ஏற்கிறேன் என்ற ஒரு வாக்கியத்தை இருவரும் சொல்லவேண்டும், பிறகு கையெழுத்து. அந்தச் சான்றிதழ் திருமணம் நடந்ததற்கு முடிவான அத்தாட்சி என்று 13ஆவது பிரிவே சொல்கிறது. முதல் மனைவி உயிரோடிருப்பதை மறைத்தது போன்ற கோளாறுகளை அது காப்பாற்றாது. யாரு பாத்தா என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை.

சொத்தைப் பற்றி ஒரு பயம் ஊரில் உலவுகிறது. "ஸ்பெஷல் மேரேஜ் பண்ணுனா குடும்பத்துல பாகம் போயிடும்டா" என்று சித்தப்பா எங்களையும் மிரட்டினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கூட்டுக் குடும்பத்து இந்து வேற்று மதத்தவரை இந்தச் சட்டத்தில் மணந்தால் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கருதப்படுவார். பிரிந்த பாகம் எங்கும் போகாது, ஆனால் அந்தத் திருமணத்தின் வாரிசுரிமை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும். இருவரும் இந்து என்றால் 1976 திருத்தத்துக்குப் பிறகு இது எதுவும் பொருந்தாது. மதம் கடந்த ஜோடியில் பாகப்பிரிவினை நடைமுறையில் எப்படி ஓடும் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. நஞ்சை நிறைய உள்ளவர்கள் வக்கீலைக் கேட்டுவிட்டே இறங்கவேண்டும்.

விவாகரத்தில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. செலவு இரண்டிலும் சொற்பம், கூடவருகிறவர்களுக்கு வாங்கித் தரும் சாப்பாடுதான் அதிகம்.

லண்டனில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிவில் பார்ட்னர்ஷிப் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்றால் தாராளமாக. பாபநாசத்தில் அப்பா பெயரில் நிலம் இருக்கிறது, நாளைக்கு இங்கே வந்து வாரிசு என்று நிற்கவேண்டும் என்றால், அங்கேயும் திருமணமாகவே பதிந்துகொள்வது நல்லது. ஒருபால் இணையர்களுக்கு இந்த அலசலில் எந்த வாசலும் திறக்கவில்லை என்பது கசப்பான உண்மை. குடும்ப இணைவு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைப் பதிய வழிசெய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அரசுக்கு யோசனை சொன்னது. திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்று 2025இல் அதே நீதிமன்றம் சொன்னது. சட்டம் இன்னும் வரவில்லை.

அவசரத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒன்று. ஊர் ஆறியபிறகு, அதே திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் பதிந்துகொள்ளலாம். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்கவேண்டும், சேர்ந்து வாழ்ந்துகொண்டிருக்கவேண்டும், முப்பது நாள் அறிவிப்பு இதற்கும் உண்டு. எந்த அலுவலகத்திலாவது "கோயில்ல முடிச்சிட்டு ரசீது கொண்டாங்க, ஒரே நாள்ல பதிஞ்சு தந்துடுறோம்" என்று ஆசை காட்டினால், எங்களுக்குக் காட்டினார்கள், எந்தச் சட்டத்தில் பதியப்போகிறீர்கள் என்று கேளுங்கள், ஒரே நாளில் முடிவது சிறப்புத் திருமணம் ஆகாது. விண்ணப்பத்தில் பெயரை ஆதாரில் உள்ளபடி, இனிஷியலை விரித்து எழுதுங்கள். பின்னால் பட்டாவில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக நின்றால் மறுபடியும் கிராம நிர்வாக அலுவலர் வாசல்தான்.